பணம் இருந்தால் சிகாகோவில் எங்கே வேண்டுமானாலும் குடிபோகலாமா?

கேள்வி | பிப்ரவரி 11, 2024

சிகாகோவுக்கு மாற்றலாகி வருகிறேன். வீடு தேட ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் "தெற்குப் பக்கம் மட்டும் வேண்டாம்" என்கிறார்கள். இனப் பிரிவினையெல்லாம் அறுபதுகளிலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. இப்போது இருப்பது வெறும் பண வித்தியாசம்தானே? காசு உள்ளவன் நல்ல ஏரியாவுக்குப் போகிறான், இல்லாதவன் போகவில்லை. இதில் இனம் எங்கே வந்தது?

பிப்ரவரி 11, இரவு

பணம் மட்டும்தான் காரணம் என்றால் கறுப்பு டாக்டரும் வெள்ளை டாக்டரும் ஒரே தெருவில் இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை.

பெர்சி ஜூலியன் என்று ஒரு வேதியியலாளர். சோயாவிலிருந்து ஹார்மோன் மருந்துகளை மலிவாகத் தயாரிக்க வழி கண்டவர். காசுக்கும் குறைவில்லை, பேருக்கும் குறைவில்லை. சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் 1950ல் வீடு வாங்கினார். தண்ணீர் இணைப்பைத் திறந்துவிட மறுத்தார்கள். கோர்ட்டுக்குப் போவேன் என்ற பிறகுதான் குழாயில் தண்ணீர் வந்தது. அந்த வருட நன்றி தெரிவிக்கும் நாளில், குடும்பம் குடியேறுவதற்கு முன்பே, வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த வருடம் டைனமைட் வீசினார்கள்.

மஹாலியா ஜாக்சன், அந்த நாட்டின் மிகப் பெரிய காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) பாடகி, 1956ல் தெற்கே சாட்டம் பகுதியில் வீடு வாங்கினார். ஜன்னலில் துப்பாக்கியால் சுட்டார்கள். அவரிடம் பணம் இல்லையா என்ன?

பிப்ரவரி 12

நான் வடக்கே, ரோஜர்ஸ் பார்க்கில் இருக்கிறேன். வேலை தெற்கே ஒரு மருத்துவமனை பரிசோதனைக்கூடத்தில். ரெட் லைன் ரயில் ஏறி, கார்ஃபீல்டில் இறங்கி, 55ம் நம்பர் பஸ் பிடித்துப் போவேன்.

இந்த ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு நான் சொல்வது புதிதல்ல. லயோலாவில் ஏறும்போது பெட்டியில் எல்லா நிறமும் இருக்கும். ஃபுல்லர்டன், பெல்மாண்ட் பக்கம் வெள்ளை இளைஞர்கள், காதில் இயர்போன், கையில் காப்பி. நகர மையத்தில் பாதிப் பெட்டி காலி. சைனாடவுனில் சீனப் பாட்டிகள் காய்கறிப் பையோடு இறங்குவார்கள். 35ம் தெரு பேஸ்பால் மைதான நிறுத்தம். ஆட்டம் உள்ள நாளில் சட்டையும் தொப்பியுமாக மீதி வெள்ளையரும் இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் பெட்டியில் கறுப்பர்களும் நானும். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. கதவு திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவுதான்.

புதிதில் 47ம் தெருவைத் தாண்டும்போது என்னிடம், "கண்ணு, சரியான ரயிலில்தான் ஏறியிருக்கியா?" என்று கேட்பார்கள். மிரட்டல் ஒன்றும் இல்லை, உண்மையான அக்கறை. பெரும்பாலும் வயதான கறுப்புப் பெண்மணிகள். நான் வழி தவறி வந்திருப்பேன் என்று முடிவே கட்டிவிடுவார்கள். இதே கேள்வியை வடக்கே என் கட்டடத்து வெள்ளைக்காரரும் கேட்டார்: "ரெட் லைனிலா போகிறாய்? ஏரிக்கரை வழியாக 6ம் நம்பர் எக்ஸ்பிரஸ் பஸ் இருக்கிறதே?" அந்த பஸ் சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் போகிறது, நடுவில் உள்ள தெற்குப் பக்கத்தைத் தொடாமல். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் அதில்தான் போவார்கள்.

பிப்ரவரி 12, பிற்பகல்

ஒருவர் தனிச்செய்தியில், "வங்கிகள் கறுப்பர் பகுதிகளுக்கு வரைபடத்தில் சிவப்பு அடித்ததால்தான் ரெட் லைன் என்று பெயரா?" என்று கேட்டார். இல்லை. ரயில்களுக்கு நிறப் பெயர் வைத்தது 1993ல். வரைபடம் முப்பதுகளில். சம்பந்தமே இல்லை, ஆனாலும் கேள்வி அருமை.

பிப்ரவரி 14

அந்த வரைபடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் "சட்டம் ஒழிந்துவிட்டது" என்பதற்கு அங்கேதான் பதில்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களைப் போல "கறுப்பர் இந்த பெஞ்சில் உட்காரக் கூடாது" என்று எழுதிய சட்டமே சிகாகோவில் தேவைப்படவில்லை. பத்திரம் போதுமாக இருந்தது. 1927ல் சிகாகோ ரியல் எஸ்டேட் வாரியம் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கறுப்பருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம் என்று பதிவு செய்வார்கள். யார் கறுப்பர் என்பதற்கு அதில் விளக்கமும் உண்டு: எட்டில் ஒரு பங்கு இரத்தம் இருந்தால் போதும். விதிவிலக்கும் உண்டு: வாயிற்காவலர், கார் ஓட்டுநர், வீட்டு வேலையாள் ஆகியோர் அடித்தளத்திலோ பின்பக்க ஷெட்டிலோ தங்கலாம். பெருக்க வரலாம், குடியிருக்க முடியாது. நமக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

1948ல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி வழக்கில், இப்படிப்பட்ட பத்திரத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்றது. ஆனால் அதற்கு முன்பே கடன் பக்கம் கதவு அடைபட்டுவிட்டது. 1933ல் உருவான அரசுக் கடன் நிறுவனம் ஊர் ஊராக வரைபடம் போட்டது: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கறுப்பர் வாழும் பகுதி பெரும்பாலும் சிவப்பு. 1934ல் வந்த கூட்டரசு வீட்டு நிர்வாகம் அதே கண்ணோட்டத்தோடு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. உத்தரவாதம் இல்லாத இடத்தில் வங்கி கடன் கொடுக்காது. ஒரு தலைமுறை வெள்ளைக் குடும்பங்கள் அரசு உத்தரவாதத்தில் புறநகரில் வீடு வாங்கின. ஒரு தலைமுறை கறுப்புக் குடும்பங்கள் வாடகை கொடுத்தன. நீங்கள் சொன்ன "பண வித்தியாசம்" வந்த வழி இதுதான்.

பிப்ரவரி 15

அதற்கும் முன்னே, கோடையில் நாம் குளிக்கப் போகும் ஏரியிலேயே கோடு இருந்தது. 1919 ஜூலை 27. யூஜீன் வில்லியம்ஸ், 17 வயது, நண்பர்களோடு மிதவையில் போய் 29ம் தெரு அருகே வெள்ளையர் பகுதி என்று கருதப்பட்ட தண்ணீருக்குள் நகர்ந்துவிட்டான். கரையிலிருந்து கல் எறிந்தார்கள். மூழ்கிப் போனான். கல் எறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து வெடித்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். தண்ணீரில் யார் கோடு போட முடியும்? போட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 19

"கடன் கிடைக்காவிட்டால் கறுப்பர்கள் எப்படி வீடு வாங்கினார்கள்? வாங்கியிருக்கிறார்களே" என்ற கேள்விக்கு.

என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா (வயதில் மூத்தவர், நான் மனசுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) ஒருநாள் மதியச் சாப்பாட்டில் தன் பாட்டியின் ரசீதுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். சிகாகோவின் மேற்குப் பக்கம், நார்த் லாண்டேலில் வீடு. மாதா மாதம் கட்டி, ரசீதில் கையெழுத்து வாங்கி, பிஸ்கெட் டப்பாவில் பூட்டி வைத்திருப்பாராம் பாட்டி. வீடு அவர் பேரில் இல்லை. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவன் பேரில்தான். ஒரு மாதம் தவறினால் விற்றவன் வீட்டைப் பிடுங்கி, அடுத்த ஆளுக்கு அதே முறையில் விற்பான். அதுவரை கட்டியது போனது போனதுதான். ஓட்டை விழுந்த கூரையைச் சரி செய்வது மட்டும் வாங்கியவர் பொறுப்பு.

விலை எப்படி என்றால், க்ளைட் ராஸ் என்பவர் 1961ல் லாண்டேலில் வாங்கிய வீடு 27,500 டாலர். விற்றவர் சில மாதங்களுக்கு முன்பு அதை வாங்கியது 12,000 டாலருக்கு.

குறைந்த விலைக்கு விற்றது யார்? பயந்து ஓடிய வெள்ளையர். அந்தப் பயத்தையும் தரகர்களே தயாரித்தார்கள். வெள்ளையர் தெருவில் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு நடக்க ஒரு கறுப்புப் பெண்ணுக்குக் கூலி கொடுப்பார்கள். கறுப்பர் பேரைச் சொல்லி, "அவர் இருக்கிறாரா?" என்று தெருவில் உள்ள வீடுகளுக்குப் போன் போடுவார்கள். அடுத்த வாரம் கதவைத் தட்டி, "இப்போதே விற்றால் இந்த விலை, அடுத்த மாதம் இதுவும் கிடைக்காது." இந்தப் பக்கம் பயத்தில் லாபம், அந்தப் பக்கம் ஆசையில் லாபம். லாண்டேல் பத்தே வருடத்தில், 1950க்கும் 1960க்கும் இடையில், வெள்ளையர் பகுதியிலிருந்து கறுப்பர் பகுதியாக மாறியது இப்படித்தான்.

1968ல் அங்கே வாங்கியவர்கள் சங்கம் அமைத்து, தவணை கட்ட மாட்டோம் என்று போராடினார்கள். சிலருக்கு ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது. அக்காவின் பாட்டிக்கு அது உதவியதா என்று கேட்டேன். "பாட்டி யாரோடும் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை, கடைசிவரை கட்டினார்" என்றார். சொல்லும்போது பெருமையா எரிச்சலா என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 20

அக்கா இப்போது இருப்பது சாட்டமில். மஹாலியா ஜாக்சன் வீட்டு ஜன்னலில் சுட்ட அதே சாட்டம். செங்கல் வீடுகள், வெட்டிய புல், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர்கள், தபால்காரர்கள், ஆசிரியர்கள். அங்கே ஒரு வீட்டின் விலையையும் வடக்கே அதே அளவு, அதே வயதுள்ள செங்கல் வீட்டின் விலையையும் இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 23

சரி, இப்போது நம்மவர்கள்.

இந்தியர்கள் இங்கே கூட்டமாக வர ஆரம்பித்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. வீட்டு விற்பனையில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968ல். அதாவது வீடு வாங்கும் நிலைக்கு நம்மில் பெரும்பாலோர் வந்தபோது கதவு திறந்திருந்தது. திறந்தவர்கள் யார் என்று நாம் கேட்கவில்லை. 1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் லாண்டேலில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியேறி, வீட்டு உரிமைக்காக இந்த ஊரில் ஊர்வலம் போனார். ஆகஸ்ட் 5ம் தேதி மார்கெட் (Marquette) பார்க்கில் தலையில் கல் பட்டு முட்டி போட்டு விழுந்தார். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இவ்வளவு வெறுப்பான கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னார். புறநகர் நேப்பர்வில்லில் நான்கு படுக்கையறை வீடு வாங்கி, அரோரா பாலாஜி கோவிலில் கார் பூஜை போடும் நம் ஆட்களுக்கு அந்தக் கல்லில் ஒரு பங்கு கடன் உண்டு.

(இதைப் படித்துவிட்டு யாராவது கோபப்படுவார்கள். படுங்கள்.)

பிப்ரவரி 23, சற்று நேரம் கழித்து

எதிர்பார்த்தபடியே: "நாங்கள் உழைத்து வாங்கினோம்." உழைக்கவில்லை என்று எங்கே சொன்னேன்? அக்காவின் பாட்டி மட்டும் உழைக்காமலா தவணை கட்டினார்?

இன்னொரு விஷயம். மேற்குக் கரையில் அந்தக் காலத்து வீட்டுப் பத்திரங்கள் சிலவற்றில் விலக்க வேண்டியவர்கள் பட்டியலில் "ஹிந்து" என்றே இருந்தது. இந்தியர் எந்த மதமானாலும் அவர்களுக்கு ஹிந்துதான். 1923ல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் "நானும் ஆரியன், எனவே வெள்ளையன்" என்று குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் நாமும் இருந்தோம், பிறகு விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 2

வீட்டுத் தரகர் பற்றிக் கேட்டவருக்கு. எங்களுக்கு வீடு காட்டிய பெண்மணி நல்லவர். "இந்த ஏரியா பாதுகாப்பானதா?" என்று என் கணவர் கேட்டார். "அதை நான் சொல்லச் சட்டம் அனுமதிக்காது" என்றார். உண்மைதான், அக்கம்பக்கத்தில் எந்த இனத்தவர் என்று சொல்லி ஆளைத் திருப்பிவிடக் கூடாது. அடுத்த மூச்சில், "பள்ளிகளின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பார்த்தோம். பத்துக்கு ஒன்பது, பத்துக்கு இரண்டு. ஒன்பது எங்கே இருக்கும், இரண்டு எங்கே இருக்கும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். 2013ல் மாநகராட்சி ஒரே மூச்சில் 50 பள்ளிகளை மூடியது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்.

தரகர் வாயைத் திறக்காத இடத்தில் நம் வாட்ஸாப் குழு திறக்கும். "அந்தப் பக்கம் க்ரவுட் சரியில்லை சிஸ்டர்." ஊரில் வீட்டுக்காரர் "நீங்க எந்த ஊரு, சாமி கும்பிடுறது எங்கே" என்று சுற்றி வளைத்துக் கேட்பாரே, அந்தப் பழக்கத்தைச் சுங்கச் சோதனையில் யாரும் பிடிக்கவில்லை.

மார்ச் 3

"அப்போ நீ ஏன் வடக்கே இருக்கிறாய்?"

நியாயமான கேள்வி. முதலில் டெவன் தெரு பக்கம் இருந்ததால்: மளிகை, இட்லி மாவு, முருங்கைக்காய். பிறகு மகள் பள்ளிக்கூடம். வேலைக்குப் பக்கத்தில் தெற்கே வீடு பார்த்தோம், வாடகையும் குறைவு. கணவர் வேண்டாம் என்றார், நானும் பெரிதாக வாதாடவில்லை. மகள் ஆறாம் வகுப்பு முடிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டோம். முடித்துவிட்டாள்.

மார்ச் 9

"குற்றம் பொய்யா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. அக்காவின் தெருவுக்கு நாலு தெரு தள்ளித் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், அவரும் பயப்படுகிறார். ஆனால் "தெற்குப் பக்கம்" என்று ஒரே வார்த்தையில் லட்சக்கணக்கான பேரை அடைப்பதுதான் எனக்கு எரிச்சல். ஹைட் பார்க் தெற்கு, சாட்டம் தெற்கு, எங்கிள்வுட்டும் தெற்கு.

எங்கிள்வுட்டில் 2016ல் ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய மளிகைக் கடை திறந்தார்கள், பெரிய விழா. 2022 நவம்பரில் மூடினார்கள். ரத்தச் சர்க்கரை அளவு தினமும் என் கண்ணெதிரே ஓடுகிற வேலை என்பதால் எனக்கு இது வெறும் கடை மூடிய செய்தி இல்லை. 2019ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவத் துறையினர் கணக்கிட்டார்கள்: நகர மையத்தை ஒட்டிய ஸ்ட்ரீட்டர்வில்லில் சராசரி ஆயுள் 90, எங்கிள்வுட்டில் 60. இடையில் 9 மைல். ரயிலில் அரை மணிகூட ஆகாது.

மார்ச் 10

பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் பதிலைப் படித்தேன். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வியாபாரம் செய்வது தனக்கும் கஷ்டம்தான் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். நான் பஸ் மாறும் இடத்திலும் அப்படி ஒரு கடை. சில்லறையை ஒரு உலோகக் குழியில் போட்டால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட் சுழலும் பெட்டியில் இந்தப் பக்கம் வரும். என் முகத்தைப் பார்த்ததும் பக்கக் கதவைத் திறந்து, "பெஹன்ஜி, உள்ளே வாங்க" என்றார். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண் குழி வழியாகத்தான் பால் வாங்கினார். நான் உள்ளே போகவில்லை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, பஸ் வந்துவிட்டது.

மார்ச் 17

"எல்லாம் இருட்டாகவே சொல்கிறாய்" என்ற புகாருக்காக: ஓக் பார்க். பெர்சி ஜூலியன் வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்த ஊரே பிறகு வேறு வழி யோசித்தது. 1968ல் உள்ளூர் வீட்டு உரிமைச் சட்டம். 1972ல் "விற்பனைக்கு" பலகையை வாசலில் வைக்கத் தடை, ஒருவர் விற்பதைப் பார்த்து அடுத்தவர் பதறக் கூடாது என்று. வாடகைக்கு வருபவர்களைப் பல கட்டடங்களுக்கும் கலந்து அனுப்பும் ஒரு வீட்டு மையமும் அதே வருடம். வேலை செய்தது. இன்று அங்கே கலந்துதான் வாழ்கிறார்கள்.

ஆனால் கிழக்கு எல்லையான ஆஸ்டின் சாலைக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கம் சிகாகோவின் ஆஸ்டின், கறுப்பர் பகுதி. ஓக் பார்க் பக்கத்துத் தெருக்களில் பல, சாலையைத் தொடும் இடத்தில் முட்டுச்சந்தாக அடைக்கப்பட்டிருக்கும். செடி வைத்து அழகாகத்தான் அடைத்திருக்கிறார்கள்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஹைட் பார்க்கில் வாடகை வீடு பார்த்துவிட்டாராம், மனைவிக்கும் பிடித்துவிட்டதாம். வாழ்த்துகள். குளிர்காலத்தில் தெரு பார்க்கிங் கிடைக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன். அலுவலகம் மையத்தில் என்றால் 6ம் நம்பர் பஸ்ஸும் நல்லதுதான், கேலி செய்ய மாட்டேன்.

பக்கத்தில் என்ன சாப்பிடலாம் என்கிறார். ஹரால்ட்ஸ் சிக்கன். 1950ல் ஹரால்ட் பியர்ஸ் 47ம் தெருப் பக்கம் ஆரம்பித்தது. பெரிய சங்கிலிக் கடைகள் கறுப்பர் பகுதிக்கு வராத காலம். கறுப்பு முதலாளிக்கு நகர மையத்தில் இடம் கிடைக்காத காலம். அதனால் தெற்கே கிளை கிளையாகப் பரவியது. கேட்ட பிறகுதான் பொரிப்பார்கள், கோடாலியோடு கோழியைத் துரத்தும் சமையல்காரர் படம்தான் சின்னம். "மைல்ட் சாஸ் மேலே ஊற்று" என்று சொல்லுங்கள். ரொட்டித் துண்டு அடியில் ஊறியிருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மார்ச் 24, மறுபடியும்

மனைவி சைவமாம். சில கிளைகளில் பொரித்த வெண்டைக்காய் உண்டு. எண்ணெய் தனியா என்று கேட்காதீர்கள், பதில் பிடிக்காது. டெவனுக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் அங்கேயும் பார்க்கிங் கிடைக்காது.